கடல் விலகிய இடத்து விருந்தாளி

வண்டி சேற்றில் இறங்கியதைவிட, இறங்கும்போது ஒரு சத்தமும் வராததுதான் அக்மராலுக்குப் பிடிக்கவில்லை. கல்லில் ஏறினால் கடகடக்கும், மணலில் மாட்டினால் சக்கரம் கத்தும். இது அப்படி எதுவும் இல்லாமல், சூடான கஞ்சியில் வெண்ணெய் இறங்குவதுபோல இறங்கி நின்றுவிட்டது. கைசார் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். என்ஜின் உறுமியது, பின்சக்கரங்கள் சுற்றின, வண்டி இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது. அவள் திரும்பிப் பின்கட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். இஞ்ஜு அசையவே இல்லை. வண்டி லேசாகக் குலுங்கினாலே விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிற பிள்ளை அது.

"இறங்கிருச்சு," என்றான் கைசார்.

"அதான் தெரியுதே. தார் ரோட்டுலயே போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"இது குறுக்கு வழிடி. இந்த எடம் எனக்கு அத்துப்படி. சின்னப் பையனா இருக்கும்போது இங்க மீன் புடிச்சிருக்கேன்."

"அப்ப இங்க தண்ணி இருந்துச்சு. தண்ணி இருந்த எடத்துல தெரிஞ்சே வண்டிய விடுற ஒரே ஆளு நீதான்."

அவன் சிரித்தான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான், கோபம் வராத ஜென்மம். அந்தச் சிரிப்பின் கடைசியில் விக்கல் மாதிரி ஒரு சின்ன இழுப்பு வரும். அதைக் கேட்டுத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். என்னத்தைச் சொல்ல, அதே சிரிப்பைக் கேட்டுத்தான் இப்போது பல்லைக் கடித்தாள்.

கஸ்பியன் கடல் அந்தப் பக்கம் வருஷா வருஷம் பின்வாங்கிக்கொண்டே போனது. அது விட்டுப்போன தரை வெள்ளையாக, உப்புப் பூத்து, போட்டு முடித்த சாலை மாதிரி இறுகித் தெரியும். மேலே இருப்பது அப்பளம் கனத்துக்கு ஒரு ஓடுதான், அடியில் சேறு. ஆட்டிடையர்கள்கூட அதில் கால் வைக்க மாட்டார்கள். கைசார் வைத்தான். அக்தாவு நகரத்தில் வாங்கிய பழைய ரஷ்ய வேன் அது. பார்க்க ரொட்டி மாதிரி இருப்பதால் ஊரில் எல்லாரும் அதை ரொட்டி என்றுதான் சொல்வார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து அதற்குள் கட்டில், மடக்கு மேஜை, காஸ் அடுப்பு, திரைச்சீலை எல்லாம் அவனே அடித்துப் பொருத்தினான். கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளையில்லாமல், ஊரார் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் பிறந்த பிள்ளையை அவன் அக்காவிடம் காட்டுவதற்காகத்தான் இந்தப் பயணம். அக்கா வீட்டில் இந்நேரம் ஆடு வெந்துகொண்டிருக்கும்.

பலகையை வைத்துப் பார்த்தார்கள். பலகையைச் சேறு விழுங்கியது. கைசார் இறங்கித் தள்ளினான். முழங்கால் வரை புதைந்து, ஒரு பூட்ஸைச் சேற்றுக்கே தானம் செய்துவிட்டு ஏறி வந்தான். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. விடிந்ததும் வந்த தடத்திலேயே நடந்து ரோட்டுக்குப் போய் லாரியை நிறுத்துவது என்று முடிவானது. அதுவரை என்ன, வீடே கூட இருக்கிறதே என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தான்.

பொழுது சாய்ந்தது. அழுகிய நாணலும் உப்பும் பழைய மீனும் கலந்த ஒரு வாடை, காற்றே இல்லாத நேரத்தில், எங்கிருந்தோ கிளம்பி வண்டிக்குள் வந்து திரைச்சீலையில் உட்கார்ந்துகொண்டது. அலைச்சத்தம் இல்லை, பறவை இல்லை, தூரத்தில் நாய்கூட இல்லை. கொதிக்கிற தண்ணீரின் சத்தம் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாகக் கேட்டது. சூரியன் இறங்கும் நேரத்தில் குழந்தை தூங்கக் கூடாது என்பார்கள். அக்மரால் அதன் கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைக் கிள்ளினாள். உதட்டைச் சப்பிக்கொண்டு மறுபடி தூங்கியது. நெற்றியில் கண்படாமல் இருக்க வைத்த கரிப்பொட்டு கலைந்திருந்தது. கெட்டிலின் அடியைத் தொட்டு மறுபடி அழுத்தி வைத்தாள்.

நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு உருவத்தைப் பார்த்தாள். முதலில் ஏதோ நட்டு வைத்த கம்பம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் அது கொஞ்சம் பெரிதானது.

"கைசார், அங்க ஒரு ஆளு வர்றாரு."

"எந்தப் பக்கமிருந்து?"

"கடல் பக்கமிருந்து."

"கடல்லேர்ந்து எப்படி வருவாரு? மீன்காரனா இருக்கும். பாத்தியா, ஆள் நடமாட்டம் இருக்குற எடந்தான்," என்று சந்தோஷமாகக் கையை ஆட்டினான்.

கைசார் முழங்கால் வரை புதைந்த அதே சேற்றின் மேல் அவர் நடந்து வந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வருகிற மாதிரி. ஐம்பது வயதும் சொல்லலாம், எழுபதும் சொல்லலாம். குளிருக்குப் போடுகிற தடித்த அங்கி போட்டிருந்தார். கதவருகே வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல், முறைப்படி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஆண்டவன் அனுப்பின விருந்தாளி வந்திருக்கேன். வீட்டுல ஆளு உண்டா?"

அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. சொன்னவனை வாசலில் நிறுத்தின குடும்பம் எதுவும் அந்தச் சீமையில் இல்லை; இருந்தால் அந்தக் குடும்பத்தில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பேர்கூடக் கேட்கக் கூடாது. சேற்றில் சிக்கிய ரொட்டி வேனும் வீடுதான் என்று கைசாருக்கு ஒரே பெருமை.

"வாங்க பெரியவரே, வாங்க! உள்ள மேல போய் உக்காருங்க!"

கதவிலிருந்து எட்ட இருக்கும் உள்ளிடம்தான் விருந்தாளிக்கு மரியாதையான இடம். இந்த வண்டியில் அது குழந்தை படுத்திருக்கும் கட்டில் ஓரம். அவர் குனிந்து, அவளைத் தாண்டிப் போய், அங்கே உட்கார்ந்தார். போகும்போது அவள் அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அவர்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஆடு மாடு சுகமா, பிள்ளைகுட்டி சுகமா என்று கேட்பார்கள். திருடன்கூடக் கேட்டுவிட்டுத்தான் திருடுவான். இவர் கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். அக்மரால் பாலூற்றிய டீயை வழக்கம்போலக் கிண்ணத்தில் பாதிக்கு ஊற்றி நீட்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்த கறியைக் கைசார் கத்தியால் அரிந்து வைத்தான். அவர் அந்தக் கத்தியைப் பார்த்தார்.

"நல்ல கத்தி," என்றார்.

அது கைசாரின் அப்பா வைத்திருந்த கத்தி, மான்கொம்புப் பிடி போட்டது. விருந்தாளி ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதைக் கொடுத்துவிட வேண்டும். அப்பா இப்படித்தான் ஒரு குதிரையையே கொடுத்தார் என்று இவன் குடும்பத்தில் இன்றைக்கும் பீற்றிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் அக்மராலின் வெள்ளிக் காப்பை ஏதோ ஒரு சித்தப்பா அழகாக இருக்கிறதே என்று சொல்லிவைக்க, இவனே கழற்றிக் கொடுத்த கூத்தும் நடந்தது. அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் நல்ல பொருளையெல்லாம் அவள் மெத்தைக்கடியில் ஒளித்துவிடுவாள். இன்றைக்கு ஒளிக்க நேரமில்லை.

"உங்களுக்குத்தான் பெரியவரே," என்று இரண்டு கையாலும் கொடுத்தான் கைசார். கத்தி அங்கிக்குள் போனது.

"இந்த வெளிச்சமும் நல்லா இருக்கு தம்பி. எங்க பக்கத்துல இப்படிக் கெடையாது."

கைசார் எழுந்து கொக்கியிலிருந்த காஸ் விளக்கைக் கழற்றப் போனான். அவர் கையைக் காட்டினார். விளக்கு வேண்டாமாம்.

"அப்ப வெளிச்சத்த மட்டும் எடுத்துக்கோங்க!" என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான்.

விளக்கு அணையவில்லை. சுடர் அதே உயரத்தில் நின்று எரிந்தது, காஸ் சீறுகிற சத்தமும் நிற்கவில்லை, ஆனால் மேஜை வரை, கட்டில் வரை, குழந்தையின் முகம் வரை வந்துகொண்டிருந்த மஞ்சள் வெளிச்சம் மெல்ல மெல்லச் சுருங்கிச் சுருங்கி அந்தக் கண்ணாடிக்கு உள்ளேயே போய் அடங்கிவிட்டது. காஸ் தீர்ந்துவிட்டதோ என்று அக்மரால் உருளையைத் தூக்கிப் பார்த்தாள். கனமாகத்தான் இருந்தது. வெளியே மிச்சமிருந்த அந்தி வெளுப்பில் மூன்று பேரும் நிழலாகத் தெரிந்தார்கள். கைசார் எதையும் கவனித்த மாதிரி இல்லை. குறுக்கு வழி என்று நினைத்து வந்து மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உன் சிரிப்பு நல்லா இருக்கு தம்பி."

"அதென்ன பிரமாதம், அதுவும் உங்களுக்குத்தான்!"

அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, நீளமாக. கடைசியில் விக்கல் மாதிரி ஒரு சின்ன இழுப்பு.

அக்மரால் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்தாள்.

அவள் கைசாரைப் பார்த்தாள். அவனும் சிரிக்கத்தான் பார்த்தான். வாய் விரிந்தது, தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனவன் மாதிரி நின்றான். அப்புறம் தொண்டையைத் தடவிக்கொண்டான். அந்தக் கண்ணில் அதுவரை அவள் பார்த்தேயிராத ஒரு பயம் இருந்தது.

இந்த ஆளை இப்போதே வெளியே அனுப்ப வேண்டும். எப்படி? போ என்று சொல்ல வாய் வராது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை. ஒரே ஒரு வழி உண்டு. டீயைப் பாதி ஊற்றினால் இருங்கள் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால் கிளம்புங்கள் என்று அர்த்தம். சூடு சொரணை உள்ள எவனும் அதைப் பார்த்ததும் எழுந்துவிடுவான். அவள் கிண்ணத்தை வாங்கி, வழிய வழிய ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

கைசார் திடுக்கிட்டான். "ஏய், என்ன பண்ற?"

"கை தவறிடுச்சு," என்றாள், அவரையே பார்த்துக்கொண்டு.

அவர் கிண்ணத்தை எடுத்தார். ஆவி பறக்கிற டீயை ஒரே மூச்சில் குடித்தார். காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

"மருமக கை தாராளம்," என்றார். கைசாரின் குரலோ அவருடைய குரலோ, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"குழந்தைக்குப் பசிக்கும்," என்றாள் அக்மரால். "பால் குடுக்கணும். கொஞ்சம் தள்ளுங்க."

அவருக்கு மேலாகக் கையை நீட்டினாள். அவர் தள்ளவில்லை, தடுக்கவும் இல்லை. அங்கியிலிருந்து நாணல் வாடை அடித்தது. அவ்வளவு நெருக்கத்திலும் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கவில்லை. போர்வையோடு இஞ்ஜுவை வாரி எடுத்து மார்பில் இறுக்கிக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து, கதவில் முதுகு முட்டும்வரை வந்தாள். குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. அந்தச் சிணுங்கலைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று யாரிடமோ கெஞ்ச வேண்டும்போல இருந்தது.

"கைசார்," என்றாள் மெதுவாக. "இனிமே வாயத் தொறக்காத. என்ன சொன்னாலும் பதில் பேசாத. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

அவன் தலையாட்டினான். வேகமாக, சின்னப் பிள்ளை மாதிரி.

வெளியே குதிக்கலாமா? குதித்தால் இடுப்பு வரை சேறு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் எங்கே போவது? அவர்தான் போக வேண்டும். முறையாவது மண்ணாங்கட்டியாவது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பெரியவரே, நீங்க சாப்பிட்டாச்சு. குடிச்சாச்சு. இப்ப எந்திரிச்சு..."

"அடடா," என்றார் அவர். "என்ன குரல் மருமகளே. கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

கைசார் உதட்டைக் கடித்தான். ரத்தம் வருகிற மாதிரிக் கடித்தான். தலையை இடமும் வலமும் ஆட்டினான். ஆனால் பல்லுக்கு நடுவிலிருந்து, விக்கல் கிளம்புவதுபோல, அடக்க அடக்க மேலே வந்தது அந்த வார்த்தை.

"உங்களுக்குத்தான்."

"...போங்க" என்று சொல்ல இருந்தாள் அக்மரால். வாய் அசைந்தது. நாக்கு அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

கத்தினாள். காற்று.

கைசாரின் பேரைச் சொன்னாள். காற்று.

குழந்தை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது, வழக்கமாக வரும் சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. வராமல் போகவே உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழ ஆரம்பித்தது.

அவர் எழுந்தார்.

பிள்ளையை யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். சொந்தப் பாட்டன்கூட அவலட்சணமே, குரங்கே என்றுதான் கொஞ்சுவான், கண் பட்டுவிடும். சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தும் அக்மரால் போர்வையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். கரிப்பொட்டை மூடினாள். அழுகையை மூட முடியவில்லை.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம்.

அவள் கைசாரிடம் பாய்ந்தாள். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தினாள். தலையைச் சுவரோடு வைத்து அழுத்தினாள். அவனும் தன் இரண்டு கையையும் அவள் கைமேல் வைத்து அழுத்தினான். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வாயை மூடினார்கள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் அவள் விரல்மேல் வழிந்தது.

"பிள்ளை," என்றார் அவர், அவளுடைய குரலில். "ரொம்ப அழகா இருக்கு."

உள்ளங்கைக்குள் கைசாரின் உதடு அசைந்தது.

இன்னும் அழுத்தினாள். அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை, ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. எழுத்து எழுத்தாக, சூடாக, ஈரமாக, அவள் தோலில் அது சொல்லி முடிந்தது.

உங்களுக்குத்தான்.

அவர் இரண்டு கையையும் நீட்டினார். முறைப்படி, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி. பிடுங்கவில்லை. அக்மராலின் கை அவளைக் கேட்காமல் தளர்ந்தது. விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அவள் தன் கையையே கடித்தாள். வலித்தது, பிரிவது நிற்கவில்லை. மார்பிலிருந்து பாரம் இறங்கியது. அந்த இடம் மட்டும் ஈரமாக, இன்னும் சூடாக இருந்தது.

கதவு திறந்தது. கதவு மூடியது.

அவள் குதித்தாள்.

சேறு தொடை வரை வாங்கிக்கொண்டது. காலை இழுத்தாள். இடுப்பு. கையை ஊன்றினாள். முழங்கை. எதிரே வெளுத்த உப்புத்தரையில் அவர் போய்க்கொண்டிருந்தார், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. தோளுக்கு மேலே ஒரு சின்னக் கை வெளியே வந்து, விரலை விரித்து, அவள் இருக்கும் பக்கம் காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. அழுகை. அவ்வளவு தூரத்திலும் தெளிவாகக் கேட்டது, மூச்சுத் திணறத் திணற, அம்மாவைத் தேடுகிற அழுகை. அக்மரால் வாயைத் திறந்து திறந்து மூடினாள். சேறு வாய்க்குள் போனது.

பின்னால் வண்டிப் படியில் கைசார் நின்றான். வலது கை நெஞ்சில் இருந்தது. முகமெல்லாம் நனைந்து கிடந்தது. விருந்தாளி கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று வழியனுப்ப வேண்டுமே.

"சுகமாப் போய் வாங்க," என்றான் அவன். "மறுபடியும் வாங்க."

இருட்டு அவரை முக்கால்வாசி மூடியிருந்தது. அழுகை உச்சத்துக்கு ஏறியது. அப்போது அங்கிருந்து, கடல் இருந்த பக்கத்திலிருந்து, அவளுடைய குரல் வந்தது. அவள் சொல்கிற மாதிரியே, அதே இழுப்போடு, அதே பிரியத்தோடு.

"அழாத தங்கம்... என்னத்துக்கு அழுகை? அம்மா இங்கதான இருக்கேன்."

குழந்தை அழுகையை நிறுத்தியது.